மார்கழியில் ஈனும் மேச்சேரி ஆடுகள்: எவ்வளவு நேரம் பொறுக்கலாம், எப்போது கை வைக்கலாம்?

பாலக்கோட்டுப் பட்டி:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி செல்லும் வழியில் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டுநிலம் இருக்கிறது. கேழ்வரகும் கொள்ளும் நிலக்கடலையும் மழையை நம்பி விதைக்கிறோம். அதோடு சேர்த்து மேச்சேரி இனச் செம்மறிப் பெட்டைகள் சிலவற்றை வாங்கிப் பட்டி போட்டிருக்கிறோம். ஆடி பிறந்ததும் கிடாவைச் சேர்த்ததால் மார்கழித் தொடக்கத்தில் ஈற்று வரும் என்று கணக்கிட்டிருக்கிறேன். பெரும்பாலானவை தலையீற்று. மாடு வளர்த்த குடும்பம்தான் என்றாலும், செம்மறி எங்களுக்குப் புதிது.

ஊரில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கால் தெரிந்தவுடன் பிடித்து இழுத்துவிட வேண்டும் என்கிறார் ஒருவர். ஆட்டுப்பக்கமே போகக் கூடாது, தானாகப் போட்டுவிடும் என்கிறார் இன்னொருவர். கொடி (நஞ்சுக்கொடி) விழும்வரை குட்டிக்குப் பால் காட்டக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் உறுதியாகச் சொல்கிறார். கால்நடை மருந்தகம் எங்களுக்குத் தொலைவு. இரவில் ஆள் கிடைப்பது அரிது. எத்தனை மணி நேரம் பொறுக்கலாம், எந்தக் கட்டத்தில் நாமே கை வைக்கலாம், எந்தக் கட்டத்தில் வைக்கவே கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


பென்னாகரத்துச் செம்மறி:

தம்பி, கணக்கு சரிதான். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். சில நாள் முன்பின் ஆகலாம். ஆகவே கார்த்திகைக் கடைசியிலிருந்தே சினையாடுகளைத் தொலைவு மேய்ச்சலுக்கு ஓட்டாமல் வீட்டுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

மடியைப் பாருங்கள். பலமுறை ஈன்ற ஆட்டுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் முன்பே மடி இறங்கிவிடும். தலையீற்றுக்கு அப்படியில்லை, சிலவற்றுக்கு ஈனுவதற்கு முந்தைய நாள்தான் மடி நிரம்பும். ஆகவே மடியை மட்டும் நம்பக் கூடாது. வாலின் இருபக்கமும் தசை தளர்ந்து குழி விழும், அறை (பிறப்புறுப்பின் வாய்) வீங்கிச் சிவக்கும், விலா ஒட்டியதுபோல் தெரியும். பிறகு அது மந்தையை விட்டு ஒதுங்கி, படலோரம் போய் நின்று, மண்ணைக் காலால் பறித்து, படுத்து எழுந்து, தன் பின்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். தரையை முகர்ந்து குட்டியை அழைப்பதுபோல் தொண்டைக்குள் கனைக்கும். இந்த நிலை 2 மணி முதல் 6 மணி நேரம்வரை நீடிக்கலாம். இப்போது நமக்கு எந்த வேலையும் இல்லை. தொந்தரவு செய்தால் ஆடு எழுந்து இடம் மாறும்; ஈற்று தள்ளிப் போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈற்றுச் சிக்கலில் பாதி, தீவனத்தில் தொடங்குவது. வயிற்றிலுள்ள குட்டியின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு கடைசி ஆறு வாரங்களில்தான் கூடுகிறது. அந்தக் காலத்தில் வெறும் கேழ்வரகுத் தாளைப் போட்டு வைத்திருந்தால் தாய்க்கு முக்கும் வலு இருக்காது, மடியில் பாலும் இருக்காது. கடலைக்கொடி, அகத்தி, சூபாபுல் எது கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். மேற்கொண்டு நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கடலைக்கொடியைச் சினையாட்டின் முன் வைக்கவே வைக்காதீர்கள். துள்ளுமாரி என்னும் குடல்நச்சு நோய்க்கான தடுப்பூசியை ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பாகப் போட்டுவிட்டால், அதன் பலன் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போய்ச் சேரும்.


ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

பென்னாகரத்து அன்பர் சொன்னவற்றுடன் முழுமையாக உடன்படுகிறேன். கேட்டவரின் முதன்மையான கேள்வி நேரத்தைப் பற்றியது என்பதால் அதற்கு மட்டும் இப்போது விடை சொல்கிறேன்.

பதற்றத்தைக் கொண்டு நேரத்தை அளக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஆடு உண்மையாகவே முக்கத் தொடங்கிய நேரத்தைச் சுவரிலோ தொலைபேசியிலோ குறித்துக்கொள்ளுங்கள். பனிக்குடம் தெரிந்து உடைந்த நேரத்தையும் குறியுங்கள். முக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் எந்த முன்னேற்றமும் இல்லையென்றாலோ, பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் குளம்போ மூக்கோ தெரியவில்லையென்றாலோ, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தலையீற்றுக்குச் சற்றுக் கூடுதலாகப் பொறுக்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாறாக, இரண்டு முன்னங்குளம்புகளும் அவற்றின்மேல் படிந்த மூக்கும் தெரிந்து, ஒவ்வொரு முக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தால், கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் சரியான வைத்தியம்.

ஆறு மணி நேரத்துக்கு மேலாக ஆடு அமைதியின்றி இருந்தும் முக்கவே தொடங்கவில்லையென்றால், அது வேறு வகைச் சிக்கல். கருப்பை வாய் திறக்காமல் இருக்கலாம், கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்திருக்கலாம். விரலை விட்டுப் பார்க்கும்போது இறுகிய வளையம்போல் கருப்பை வாய் தட்டுப்பட்டால், அதை விரலால் விரிக்க முயலாதீர்கள், கிழிந்துவிடும். அந்த ஆட்டை விடியும்வரை வைத்திராமல் வண்டியில் ஏற்றுங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். எந்த நேரத்தில் வண்டி வரும், வராத நேரத்தில் எந்த மருத்துவமனைக்கு ஆட்டைக் கொண்டுபோவது என்பதையெல்லாம் பகலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.


அரூர்க்காரன்:

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எங்கள் தந்தையார் காலத்தில் ஆடுகள் காட்டிலேயே ஈன்றன. மாலையில் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். கைவிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகுதான் கருப்பை சீழ் பிடித்து ஆடு சாவதைப் பார்க்கிறேன். அப்படியும் ஈனவில்லையென்றால் எங்கள் பக்கத்தில் ஒருவர் வந்து ஊசி போடுகிறார். சிறிது நேரத்தில் குட்டி வந்துவிடுகிறது. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?


ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

தங்கள் கேள்வியின் முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. அழுக்குக் கையால் ஆராய்வதைவிட ஆராயாமல் இருப்பதே மேல். பெரும்பாலான ஈற்றுகள் யாருடைய உதவியும் இல்லாமல்தான் முடிகின்றன. நாம் பேசுவது எஞ்சிய சிலவற்றைப் பற்றி. காட்டில் ஈன்று உயிரோடு வந்த குட்டிகள்தான் தோளில் வந்தன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஊசியைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது பெரும்பாலும் ஆக்சிடோசின். கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து அது. வழி திறந்திருக்கிறதா, குட்டி நேராக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. கருப்பை வாய் திறக்காத ஆட்டுக்கோ, தலை பின்னால் மடங்கிய குட்டியைச் சுமக்கும் ஆட்டுக்கோ இதைப் போட்டால், சுருங்கும் கருப்பை குட்டியை மூடிய கதவின்மேல் மோதவிடுகிறது. கருப்பை கிழியலாம், குட்டி மூச்சுக்காற்றின்றி உள்ளேயே சாகலாம். ஊசி போட்டுக் குட்டி வந்த ஆடுகளில் பல, ஊசி இல்லாமலும் இன்னும் சற்று நேரத்தில் ஈன்றிருக்கும். ஆராய்ந்து பார்க்காமல் இந்த ஊசியைப் போடும் எவரையும் பட்டிக்குள் விடாதீர்கள்.


அஞ்செட்டி அக்கா:

மருத்துவர் ஐயா சொன்ன தூய்மையைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் உண்டு, ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. மேச்சேரிப் பெட்டை சிறிய உடம்புக்காரி. ஏர் பிடித்துக் காய்த்துப்போன ஆண்களின் கை அதற்குள் போகாது, போனால் காயப்படுத்தும். வீட்டில் யாருடைய கை சிறியதோ அவர் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. கருவுற்றிருக்கும் பெண்கள் மட்டும் இந்த வேலைக்கு வரவே கூடாது. இதை இந்த இழையில் யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஆட்டின் பனிநீரிலும் கொடியிலும் இருக்கும் சில கிருமிகள் மனிதர்களுக்கும் தொற்றும், கருச்சிதைவுகூட ஏற்படலாம். குறை ஈற்று விழுந்த பட்டியில் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

நகத்தை ஒட்ட வெட்டி, வளையல் மோதிரங்களைக் கழற்றிவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவுகிறேன். மருந்துக் கடையில் கிடைக்கும் கையுறையை அணிந்து, அதன்மேல் லிக்விட் பாரஃபினைத் தாராளமாகத் தடவுகிறேன். ஆட்டின் பின்புறத்தையும் கழுவித் துடைத்த பிறகே கையை வைக்கிறேன். ஒருவர் ஆட்டின் தலைப்பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டின் பின்பகுதி சற்று மேட்டில் இருந்தால் உள்ளே இடம் கிடைக்கும். ஐந்து விரல்களையும் குவித்து, ஆடு முக்காத இடைவேளையில் மெல்ல உள்ளே செலுத்துவேன். முக்கும்போது கையை அசைக்காமல் அப்படியே வைத்திருப்பேன்.

உள்ளே இருட்டு, விரல்தான் கண். முதலில் தட்டுப்படும் கால் முன்னங்காலா பின்னங்காலா என்று அறிய, குளம்பிலிருந்து மேலே இரண்டு மூட்டுகளைத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாக மடங்கினால் அது முன்னங்கால். முதல் மூட்டு ஒரு பக்கமும் அடுத்த மூட்டு எதிர்ப்பக்கமும் மடங்கி, அந்த இரண்டாவது மூட்டின் பின்னால் கூரான எலும்பு தட்டுப்பட்டால் அது பின்னங்கால். இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. இறைச்சிக்காக அறுக்கப்போகும் ஆட்டுக்குட்டியின் கால்களையோ, பட்டியில் துள்ளும் குட்டியின் கால்களையோ கண்ணை மூடிக்கொண்டு பலமுறை தடவிப் பாருங்கள். அன்றைய இரவு விரலுக்குத் தானாகவே தெரியும்.


பாலக்கோட்டுப் பட்டி:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. என் மனைவி இப்போது கருவுற்றிருக்கிறார். அவரைத்தான் உதவிக்கு வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன். இனி என் தங்கையிடம் சொல்லி வைக்கிறேன். இன்னும் ஓர் ஐயம்: உள்ளே கைவிட்டுப் பார்த்து, குட்டி நேராக இல்லை என்று தெரிந்தால் எதை நாமே சரிசெய்யலாம்? எதைத் தொடாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்?


ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

மனைவியை விலக்கி வைத்தது சரியான முடிவு. ஈற்று நேரத்தில் தாங்கள் அணியும் உடையையும் அவர் துவைக்க வேண்டாம்.

மிகவும் எளியது, தலை வழியில் இருக்க, ஒரு கால் மட்டும் பின்னால் மடங்கியிருப்பது. உடம்பு சிறிய குட்டியாக இருந்தால் ஒரு காலோடும் தலையோடும் வந்துவிடக்கூடும். வரவில்லையென்றால், முக்கல் இல்லாத நேரத்தில் குட்டியைச் சற்று உள்ளே தள்ளி, தோளிலிருந்து காலைத் தொடர்ந்து சென்று, குளம்பை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு முன்னால் கொண்டுவாருங்கள். குளம்பைப் பொத்தாமல் இழுத்தால் அதன் கூர்முனை கருப்பையைக் கிழித்துவிடும்.

இரண்டு கால்களும் வந்து தலை வராமலிருந்தால், இழுக்கும் ஆசை வரும். இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க, மடங்கிய கழுத்து இன்னும் மடங்கும். கால்கள் இரண்டுக்கும் தனித்தனியே சுத்தமான நாடாவைக் கட்டிப் பிடியில் வைத்துக்கொண்டு, குட்டியைப் பின்னே தள்ளி, தாடையைப் பிடித்துத் தலையை வழிக்குத் திருப்ப வேண்டும். கால் மணி நேரத்தில் முடியவில்லையென்றால் நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுங்கள். நேர்மாறாக, தலை மட்டும் வெளியே வந்து கால்கள் இரண்டும் உள்ளே இருந்தால், தலை வீங்கி நாக்கு நீலம்பாரித்துத் தொங்கும். பார்க்க இறந்ததுபோல் இருக்கும். பல நேரங்களில் உயிர் இருக்கும். கழுத்தைப் பிடித்து இழுக்காமல், எண்ணெய் தடவிய விரலைக் கழுத்தோரம் செலுத்தி ஒரு காலையாவது முன்னால் கொண்டுவர முயலுங்கள்.

பின்னங்கால்கள் இரண்டும் முதலில் வந்தால், அந்த வழியிலேயே எடுத்துவிடலாம். திருப்ப முயல வேண்டாம். ஆனால் இடுப்பு வெளியே வந்த பிறகு தாமதிக்கக் கூடாது. தொப்புள்கொடி தாயின் இடுப்பெலும்பில் நசுங்கும்போது குட்டி மூச்சிழுக்கும். தலை இன்னும் நீருக்குள் இருக்கும். வால் மட்டும் தட்டுப்பட்டு, கால்கள் இரண்டும் வயிற்றுக்கடியில் முன்னோக்கி மடங்கியிருந்தால், பழகாதவர் கை வைக்காமலிருப்பதே நல்லது. துர்நாற்றம் வீசினாலோ, குட்டியின் முடி கையோடு உரிந்து வந்தாலோ குட்டி இறந்து சில நாள் ஆகியிருக்கும். அதுவும் மருத்துவருக்கான வேலை.

இழுக்கும்போதெல்லாம் ஆடு முக்கும்போது மட்டும் இழுங்கள். அது ஓயும்போது நீங்களும் ஓயுங்கள். குட்டி வெளிவரும் திசை நேராக அன்று, தாயின் பின்னங்காலை நோக்கிக் கீழ்நோக்கி வளைந்தது. இரட்டைக்குட்டி மேச்சேரியில் அரிதுதான். ஆயினும் இரண்டு கால் தட்டுப்பட்டால் இரண்டும் ஒரே குட்டியின் கால்தானா என்று மார்புவரை தடவி உறுதிசெய்த பிறகே இழுக்க வேண்டும்.


தளிச் சந்தை:

ஈற்றைப் பற்றி நன்றாகவே பேசிவிட்டீர்கள். ஆனால் எங்கள் தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் நாங்கள் குட்டிகளைப் பறிகொடுப்பது பெரும்பாலும் ஈற்றின்போது அன்று. அடுத்த சில மணி நேரங்களில்தான். மேச்சேரிக்குக் கம்பளி கிடையாது. குட்டை முடியோடு நனைந்து பிறக்கும் குட்டியின்மேல் மார்கழிக் காற்று பட்டால் விடிவதற்குள் விறைத்துவிடும். பாலக்கோட்டுப் பக்கம் குளிர் சற்றுக் குறைவாக இருக்கலாம். விடியற்காலைப் பனியில் பெரிய வேறுபாடு இல்லை.

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துணியால் துடைத்து, சளியை வழித்துவிடுங்கள். மூச்சு வரவில்லையென்றால் வைக்கோல் துரும்பால் மூக்கினுள் கிளறுங்கள்; தும்மும், மூச்சுவிடும். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுவதை எங்கள் ஊரில் இன்னும் செய்கிறார்கள். வயிற்றிலுள்ளவை எல்லாம் மூச்சுப்பையின்மேல் சரிந்து அழுத்தும் என்பதால் அதைக் கைவிட்டுவிட்டோம். மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, விலாவைச் சாக்கால் தேய்ப்பதே போதும். பிறகு தாயின் மூக்குக்கு முன்னால் வைத்துவிடுங்கள். நக்கி உலர்த்துவதில் தாயை மிஞ்ச யாராலும் முடியாது. தொப்புள்கொடியை டிஞ்சர் அயோடினில் அடிவரை முக்குங்கள். சாணமோ சாம்பலோ பூச வேண்டாம்.

கொடி விழும்வரை பால் காட்டக் கூடாது என்பதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன்.


பென்னாகரத்துச் செம்மறி:

அது எங்கள் பக்கத்திலும் உள்ள பழக்கம்தான். பெரியவர்கள் காரணமில்லாமலா சொன்னார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாட்டில் சீம்பாலை முழுவதும் கறந்து தரையில் விடுவதையும் பார்த்திருக்கிறேன். மருத்துவர் ஐயா இதை விளக்கினால் நல்லது.


ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

செம்மறியில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருப்பை வழியாகக் குட்டிக்குச் செல்வதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். அவற்றை அப்படியே உறிஞ்சும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரங்களில் மிகுதியாக இருந்து, மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் நின்றுவிடுகிறது. கொடி விழ ஆறு மணி நேரம்வரைகூட ஆகலாம். அதுவரை குட்டியைக் காக்கவைத்தால் எதிர்ப்பாற்றலும் போகும், உடல் சூடும் போகும்.

இன்னொரு செய்தி அரூர் அன்பருக்கும் பயன்படும். குட்டி காம்பை இழுத்துக் குடிக்கும்போது தாயின் உடம்பு தானாகவே ஆக்சிடோசினைச் சுரக்கிறது. அது கருப்பையைச் சுருங்கவைத்து கொடியை வெளியே தள்ளுகிறது. கொடி விழுவதற்காகப் பாலை நிறுத்துகிறவர், கொடி விழும் வழியையே அடைக்கிறார்.

சீம்பாலை ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 50 மில்லி, முதல் 24 மணி நேரத்தில் கிலோவுக்கு மொத்தம் 200 மில்லி என்று கணக்கிடலாம். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 100 மில்லி. காம்பின் நுனியில் மெழுகுபோல் அடைத்திருக்கும்; இரண்டு காம்பிலும் இரண்டு பீச்சு பீச்சி அதை நீக்கிவிட்டால் குட்டி திணறாது. தாய் இறந்துவிட்டால் அதே பட்டியில் அன்று ஈன்ற வேறொரு செம்மறியின் சீம்பாலையோ வெள்ளாட்டின் சீம்பாலையோ கொடுங்கள். பசுவின் சீம்பாலும் பயன்படும். ஆனால் ஒரே பசுவினுடையது சில குட்டிகளுக்கு இரத்தச்சோகையை உண்டாக்குவதுண்டு, ஆகவே பல பசுக்களுடையதைக் கலந்து கொடுப்பது நல்லது. உறையவைத்த சீம்பாலை வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்து இளக்க வேண்டும். அடுப்பில் ஏற்றினால் திரிந்துவிடும், அதன் பயனும் போய்விடும்.

குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்து விரலைச் சப்பினால் கவலையில்லை. வாய் குளிர்ந்து சப்பாமல் கிடந்தால் பாலை ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 39 முதல் 40 டிகிரி செல்சியஸ் இயல்பு. 37க்குக் கீழே இறங்கி, குட்டி பிறந்து ஐந்து மணி நேரத்துக்குள் இருந்தால், உலர்த்தி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவே வைத்துச் சூடேற்றிய பிறகு சீம்பால் கொடுங்கள். ஐந்து மணி நேரம் கடந்த குட்டியானால் அதன் உடம்பில் சேமிப்பு தீர்ந்திருக்கும். குளுக்கோஸ் ஏற்றாமல் சூடேற்றினால் வலிப்பு வந்து இறக்கும். குளுக்கோஸை மருத்துவர்தான் ஏற்ற வேண்டும்.


பாலக்கோட்டுப் பட்டி:

மூன்று ஆடுகள் ஈன்றுவிட்டன என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இரண்டுக்கு எங்கள் உதவி தேவைப்படவில்லை. மூன்றாவது தலையீற்று, ஒரு கால் மடங்கியிருந்தது, மருத்துவர் ஐயா சொன்னபடியே தங்கை குளம்பைப் பொத்தி முன்னால் கொண்டுவந்தாள். அதன்பின் சற்று நேரத்தில் இன்னொரு குட்டியும் வந்தது. இரட்டை என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இப்போது தாய் முதல் குட்டியை நக்குகிறது. இரண்டாவதை முட்டித் தள்ளுகிறது. கொடி தொங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதில் ஒரு கல்லைக் கட்டச் சொல்கிறார். மேலும் ஆடு களைத்திருக்கிறதே, ஒரு படி கேழ்வரகு வைக்கலாமா?


அஞ்செட்டி அக்கா:

தங்கைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

முதல் முறை ஈன்ற ஆடு, இரண்டாவது குட்டி விழுந்தபோது முதல் குட்டியிலேயே மூழ்கியிருந்திருக்கும். அதனால் இரண்டாவதன் வாசனை அதற்குப் பதியவில்லை. கொடியிலோ தரையிலோ இன்னும் ஈரம் இருந்தால் அந்தப் பனிநீரைத் தொட்டு முட்டப்படும் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் பூசுங்கள், கையுறையோடு. பிறகு மூன்றையும் படலால் நான்கடிக்கு நான்கடி மறைத்து ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் அடைத்து வையுங்கள். தள்ளப்படும் குட்டியை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆட்டைப் பிடித்து நிறுத்தி, ஊட்டிவிடுங்கள்; தாயின் பால் அந்தக் குட்டியின் வயிற்றைக் கடந்து சாணியாக வரும்போது வாலடியில் தாய்க்குப் பழகிய வாசனை வரும். ஆடு முகர்வது அந்த இடத்தைத்தான். அதற்கு முன் மடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சூடாகவோ கல்லாகவோ இருந்தால் வலியால்தான் முட்டுகிறது, குட்டியின் மேல் கோபத்தால் அன்று.


ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

கல்லைக் கட்ட வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். பாதி அறுந்து உள்ளே தங்கினால் அழுகும். கருப்பையே வெளியே தள்ளிவிடவும் கூடும். 12 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். விழுந்த கொடியை நாய் தோண்டாத ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்; அந்த ருசி கண்ட தெருநாய்கள் அடுத்த ஈற்றுக்கு முன்பே படலோரம் வந்து நிற்கும்.

படிக் கேழ்வரகு வேண்டாம். பழகாத ஆடு ஒரே நேரத்தில் அவ்வளவு தானியத்தைத் தின்றால் வயிற்றில் அமிலம் கூடிச் சாய்ந்துவிடும். இப்போது அதற்கு வேண்டியது வெதுவெதுப்பான தண்ணீர், நிறைய. பிறகு நல்ல கடலைக்கொடி. அடர்தீவனத்தை, இதுவரை கொடுத்த அளவிலிருந்து தொடங்கி, ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், இரண்டு குட்டிக்குப் பால் வேண்டுமல்லவா. கைவிட்டு ஆராய்ந்த ஆடு என்பதால் நாளை முதல் காலையும் மாலையும் அதன் வெப்பநிலையைப் பாருங்கள். 40 டிகிரிக்கு மேல் ஏறினாலோ, தீனியை மறுத்தாலோ, பழுப்பு நிறத்தில் நாற்றமுள்ள நீர் வடிந்தாலோ அன்றே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.